கோலாக் சீமையின் எரிமலைகளும் ஏரிகளும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகரத்திலிருந்து தென்மேற்காகப் புறப்பட்டு, ஜீலாங் துறைமுகத்தைக் கடந்து, பெருஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறவர் கோலாக் என்னும் சிற்றூரை அடைகிறார். சுமார் 12,000 பேர் வசிக்கும் அவ்வூர், தன் பெயரையே கொண்ட ஓர் அகன்ற ஏரியின் தென்கரையில் அமைந்திருக்கிறது. தெற்கேயுள்ள ஆட்வே மலைப்பக்கத்திலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளும், வடக்கேயுள்ள பண்ணைகளிலிருந்து பால் சேகரித்துக்கொண்டு வரும் டாங்கர் வண்டிகளும் ஊரின் நடுவீதியில் சந்தித்துப் பிரிவதைப் பார்த்தால், காட்டையும் கறவை மாட்டையும் நம்பிப் பிழைக்கும் எத்தனையோ நாட்டுப்புற ஊர்களில் இதுவும் ஒன்று என்றே கொள்ளத் தோன்றும். புகை கக்கும் சிகரம் இல்லை. கொதிக்கும் ஊற்று இல்லை. கந்தக வாடையும் இல்லை. ஆயினும், அவ்வேரிக்கு வடக்கிலும் மேற்கிலும் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கும் சமவெளி முழுவதும், பூமியின் வயிற்றிலிருந்து உருகி வெளிப்பட்டு உறைந்த பாறையின் மீது படர்ந்ததேயாகும்.

மெல்பர்னின் புறநகர் எல்லையிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேம்பியர் மலை வரையில், 15,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் இந்த எரிமலைப் பிரதேசம் நீண்டு கிடக்கிறது. இதற்குள் 400-க்கும் மேற்பட்ட வெடிவாய்களைப் புவியியல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் மிகப் பழமையானவை ஏறக்குறைய 45 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மிகப் புதியதாகக் கருதப்படும் கேம்பியர் மலை வெடித்து 5,000 ஆண்டுகள்தாம் ஆகின்றன. ஜப்பானின் ஃபூஜியும் இத்தாலியின் வெசூவியஸும் ஒரே வாயின் வழியாகத் திரும்பத் திரும்ப உமிழ்ந்து உயர்ந்த மலைகள். இங்கேயோ, ஒவ்வொரு வெடிவாயும் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, சில வாரங்களோ சில மாதங்களோ, அதிகமாய்ப் போனால் சில ஆண்டுகளோ கனன்றுவிட்டு நிரந்தரமாக அணைந்துபோயிற்று; அடுத்த வெடிப்பு வேறோர் இடத்தில், அதுவரை கங்காரு மேய்ந்த வெறும் தரையில், புதிதாக ஒரு வாயைத் திறந்துகொண்டது. ஆதலால்தான் ஒரு மகாபர்வதம் எழும்பவேண்டிய கண்டத்தில் நானூறு சிறு குன்றுகளும் குழிகளும் சிதறிக் கிடக்கின்றன.

எரிமலைகள் சாதாரணமாகப் பூமியின் மேலோட்டுத் தகடுகள் ஒன்றோடொன்று மோதும் எல்லைகளிலோ, அல்லது ஒன்றை விட்டு ஒன்று விலகும் எல்லைகளிலோதான் தோன்றும். விக்டோரியாவோ அத்தகைய எல்லை எதற்கும் அருகில் இல்லை. பின் ஏன் இங்கே நெருப்பு? பாறையை உருக்குவதற்கு உஷ்ணத்தை ஏற்றுவது ஒன்றே வழி என்று நாம் எண்ணுகிறோம். அழுத்தத்தைக் குறைப்பதும் ஒரு வழியே. பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில், உருகும் நிலைக்கு மிக நெருங்கிய வெப்பத்தில் இருந்தும், மேலேயுள்ள பாறைகளின் பாரத்தினால் நசுங்கித் திடமாகவே இருக்கிற, மேலோட்டுக்குக் கீழேயுள்ள மூடகத்தின் பாறை, ஏதோ ஒரு காரணத்தால் மெல்ல மேலேறுமானால், பாரம் குறையக் குறைய அதில் ஒரு சிறு பங்கு தானாகவே உருகிவிடும். விக்டோரியாவின் அடியில் கண்டத்தட்டின் கனம் வடக்கே மிகுந்தும் தெற்கே குறைந்தும், நடுவே ஒரு படிபோல இறங்கியும் இருக்கிறதென்று பூகம்ப அலைகளின் வேகத்தைக் கொண்டு அறிந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஆறு ஏழு சென்டிமீட்டர் வீதம் வடதிசை நோக்கி நகரும்போது, அந்தப் படியை ஒட்டி மூடகத்தில் ஒரு சுழற்சி எழுந்து, அடிப்பாறையை மேலே தூக்கிவிடுகிறது என்பது இன்று பலராலும் ஏற்றுக்கொள்ளப்படும் விளக்கம்.

இப்படி உண்டான குழம்பு தரைமட்டத்தை நெருங்கும்போது என்ன நேரிடுகிறது என்பதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர், கோலாக்கிலிருந்து வடமேற்கே சற்றுத் தொலைவிலுள்ள ஆல்வி கிராமத்துக்குப் போய், அதை ஒட்டிய ரெட் ராக் குன்றின் மீது ஏறவேண்டும். காலடியில் நெறுநெறுவென்று நொறுங்கும் அக்குன்றின் கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தால், அது உள்ளும் புறமும் துளைமயமாக, பருமனுக்கு ஏற்ற கனமின்றி, செங்கல்லின் நிறத்தில் இருக்கும். துளைகள், குழம்பிலே கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாகப் பொங்கியெழுந்த அடையாளங்கள். செந்நிறம், சூடு ஆறுமுன் காற்றும் நீராவியும் பட்டு அதிலிருந்த இரும்பு துருவேறியதன் விளைவு. ஸ்கோரியா எனப்படும் இந்தக் கசடுக்கல் ஒரு வாயைச் சுற்றி மழைபோலப் பொழிந்து குவிந்த இடமெல்லாம் கூம்புக் குன்றாயிற்று. ஆனால் உச்சியில் நின்று சுற்றிலும் பார்வையைச் செலுத்தினால், குன்றுகளோடு குன்றுகளாக, அவற்றுக்குச் சற்றும் ஒவ்வாத மற்றொரு வடிவமும் தென்படும். செங்குத்தான கரைகளை உடைய வட்டக் குழிகள், சுற்றியுள்ள தரையைக் காட்டிலும் தாழ்வாக அகழப்பட்டு, சிலவற்றில் நீர் தேங்கியும், சில வறண்டு உப்புப் பூத்தும் கிடக்கின்றன. ஏறத்தாழ 40 வெடிவாய்கள் நெருங்கிக் கிடக்கும் இச்சிறு வட்டாரத்தில் குன்றும் குழியும் இப்படி அக்கம்பக்கமாக இருப்பானேன்?

இதற்கு விடை நெருப்பில் இல்லை, நீரில் இருக்கிறது. இந்தச் சமவெளியில் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறைக்குக் கீழே, முன்னொரு காலத்தில் இவ்விடமெல்லாம் சமுத்திரமாக இருந்தபோது படிந்த சுண்ணாம்புப் பாறைகளும் சுண்ணக் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றில் நிலத்தடி நீர் ஊறியிருக்கிறது. 1,100 டிகிரிக்கும் மேற்பட்ட உஷ்ணத்தோடு எழும் குழம்பு, நீர் மிகுந்த அடுக்கில் வந்து முட்டினால், அந்நீர் கணப்பொழுதில் ஆவியாகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஓர் அளவு நீர் ஆவியாக மாறும்போது சுமார் 1,700 மடங்கு இடத்தை நாடும். அந்த இடம் கிட்டாத பாதாளத்தில், அது தன்னைச் சுற்றியுள்ள பாறைகளைத் தூள்தூளாக்கி, மேலே உள்ள தரையையும் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. இவ்வாறு வெடித்து வெடித்துத் தோண்டப்பட்ட பள்ளத்துக்கு ‘மார்’ என்று பெயர். வெளியே வீசப்பட்ட தூளும் சாம்பலும் பள்ளத்தைச் சுற்றி மதில்போலப் படிந்து சாம்பல்பாறையாக இறுகுகின்றன. அந்த மதிலில் ஓரிடம் வெட்டப்பட்டிருந்தால், ஏட்டுச் சுவடியின் இதழ்கள் போன்ற மெல்லிய அடுக்குகளும், அவற்றினிடையே அடித்தளத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட சுண்ணப்பாறைத் துண்டுகளும் தெரியும். தரைக்குக் கீழே வெடிப்பு எவ்வளவு ஆழத்தில் நிகழ்ந்ததென்பதற்கு அத்துண்டுகளே சாட்சி. நீர் தீர்ந்துபோனாலோ, நீரில்லாத வழியாகக் குழம்பு ஏறினாலோ, ஆர்ப்பாட்டமான வெடிப்பு அடங்கி, கசடுக்கல்லைப் பீய்ச்சும் நெருப்பு ஊற்றாக அது மாறிவிடும். ஆகவே ஒரே எரிமலை, ஒரே பருவத்தில், நீர் உள்ள இடத்தில் குழியையும் நீர் அற்ற இடத்தில் குன்றையும் படைத்தது.

கோலாக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் உள்ள கேம்பர்டவுன் என்னும் ஊரின் அருகே, லியூரா என்ற குன்று நிற்கிறது. பழைய பெருங்குழியொன்றின் நடுவே கசடுக்கல் குவிந்து உண்டான குன்று அது. சாலை போடுவதற்காகக் கசடுக்கல்லை வெட்டியெடுத்த பள்ளங்களில், முஷ்டி அளவிலிருந்து தலையளவு வரையுள்ள உருண்டைக் கற்கள் அகப்படும். எரிமலைக்குண்டு என வழங்கும் இவை, வாயிலிருந்து குழம்பு நிலையிலேயே வீசப்பட்டு, ஆகாயத்தில் சுழன்றபடியே உறைந்தவை. அவற்றுள் ஒன்றை உடைத்துப் பார்க்கிறவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மேலே விரலளவு கனத்துக்குக் கருநிறப் பசால்ட் தோல். உள்ளே, கற்கண்டைக் கொட்டி இறுக்கியதுபோல மணிமணியாகப் பளபளக்கும் பசும்பாறை. அதில் பெரும்பகுதி, இளம் பச்சைக் கண்ணாடியை ஒத்த ஆலிவின் என்னும் தாது; இடையிடையே மரகதம் போன்ற கரும்பச்சைத் துளிகள், குரோமியம் கலந்த பைராக்ஸீன்; மிளகுப்பொடி தூவினாற்போன்ற கரிய புள்ளிகள் ஸ்பைனல். வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்த கல்லாயின், ஆலிவின் மக்கிப் பழுப்பாகி விரலால் உதிர்க்கும்படி ஆகிவிட்டிருக்கும்.

இப்பசும்பாறை எரிமலையின் சிருஷ்டி அன்று. எரிமலைக் குழம்பு வழியிலே பிடுங்கிக்கொண்டு வந்த அந்நியக் கல். அதன் தாதுக்கள் எந்த அழுத்தத்தில் ஒன்றோடொன்று இணங்கியிருக்கக் கூடுமென்று சோதனைச்சாலையில் கணித்து, முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மூடகத்தில் இருந்த பாறையே இது என்று நிர்ணயித்திருக்கிறார்கள். மனிதன் துளைத்த மிக ஆழமான துளையும் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியிருக்க, நம் கருவிகள் என்றும் எட்டாத லோகத்தின் மாதிரி ஒரு சாலைப்பள்ளத்தின் ஓரத்தில் கிடைக்கிறது. இன்னுமொரு செய்தியையும் அது சொல்லுகிறது. ஆலிவின் மிகுந்த அந்தப் பாறை, தன்னைச் சுமந்துவந்த குழம்பைவிடக் கனமானது. குழம்பு நிதானமாக ஏறியிருக்குமானால், கல் வழியிலேயே அமிழ்ந்து தங்கியிருக்கும். தலையளவுக் கல் அமிழாமல் வெளியே வந்து சேர்ந்திருப்பதால், அத்தனை ஆழத்திலிருந்து தரை வரையிலான பயணம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முடிந்திருக்கவேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆயத்தமான ஒரு காரியம், முடியும்போது அவ்வளவு விரைவாக முடிந்தது.

எரிமலை மண் வளமானது என்று பாடப்புத்தகங்கள் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. இந்தச் சமவெளியில் வண்டியிலே அரைநாள் சுற்றுகிறவர் அவ்வளவு எளிதில் அதை ஏற்கமாட்டார். ரெட் ராக்கைச் சுற்றிச் சாம்பல் படிந்த வட்டாரத்தில், கரிய பொலபொலப்பான மண்ணில், உருளைக்கிழங்கும் வெங்காயமும் தலைமுறை தலைமுறையாக விளைந்திருக்கின்றன. பசும்புல் ஆண்டின் பெரும்பகுதி வாடாமல் நிற்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே சென்றால், பொர்ண்டன் மலையிலிருந்து வழிந்த குழம்பு மேடும் பள்ளமுமாக இறுகிப்போன ‘ஸ்டோனி ரைஸஸ்’ என்னும் கற்காடு. அங்கே ஏர் பூட்டுவதற்கு ஒரு முழம் மண் தொடர்ச்சியாகக் கிடையாது. வடக்கே இன்னும் தொலைவு போனால், அதே பசால்ட் தந்த மண்ணே கனத்த களியாகி, குளிர்கால மழையில் நீர் வடியாமல் சேறாகவும், கோடையில் நம் கரிசல் நிலத்தைப் போலப் பாளம்பாளமாக வெடித்தும் கிடக்கிறது. மூன்றும் ஒரே நெருப்பின் மக்கள். ஆயினும் குணத்தில் இத்தனை வேற்றுமை.

வேற்றுமைக்குக் காரணம் இரண்டு: வயதும் துகளின் அளவும். பசால்ட்டில் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் இரும்பும் ஓரளவு பாஸ்பரமும் உள்ளன என்பது மெய்தான். ஆனால் பாறைக்குள் பூட்டிக் கிடக்கும் சத்தைப் பயிர் உறிஞ்சமுடியாது. மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, தாதுக்களின் மேற்பரப்பைத் தின்று, அவற்றைக் களியாகவும் கரைசலாகவும் மாற்றவேண்டும். வெடித்துத் தூளான சாம்பலில் ஒவ்வொரு துகளுக்கும் புறப்பரப்பு மிகுதியாகையால் இவ்வேலை விரைவில் நடந்து, சில ஆயிரம் ஆண்டுகளிலேயே நல்ல மண் உண்டாகிறது. கெட்டியாக உறைந்த குழம்பிலோ, நீருக்கு வெடிப்புகளைத் தவிர நுழைய வழியில்லை. ஆகவே கற்காடு இன்றும் கற்காடாகவே இருக்கிறது. பல லட்சம் ஆண்டுகள் சென்ற பின் அப்பாறையும் ஆழமாக மக்குகிறது. ஆனால் அதற்குள், உண்டான சத்துக்களில் பெரும்பங்கை அதே மழை அடித்துக்கொண்டு போய், களியை மட்டும் மிச்சம் வைத்துவிடுகிறது. ஆக, எரிமலை நிலத்தின் வளம் என்பது இளமைக்கும் முதுமைக்கும் இடையிலுள்ள ஒரு பருவம். ஆஸ்திரேலியக் கண்டத்தின் மண்ணில் பெரும்பகுதி எத்தனையோ யுகங்களாக மழையில் அலசப்பட்டுச் சாரமிழந்தது என்பதை நினைத்தால், கோலாக் சீமைக்கு அத்தேசத்தில் உள்ள மதிப்பு விளங்கும்; அப்படியிருந்தும், இங்குள்ள பால்பண்ணைக்காரர்களும் தங்கள் புல்வெளிக்குச் சூப்பர் பாஸ்பேட் இடவே செய்கிறார்கள்.

1837-இல் ஹியூ மர்ரே என்பவர் ஆட்டு மந்தைகளோடு இந்த ஏரிக்கரையில் வந்து குடியேறினார். அவருக்குப் பின் வந்த வெள்ளையர், உழவுக்கு இடையூறாயிருந்த பசால்ட் கற்களைப் பொறுக்கி, காரையோ சுண்ணாம்போ இல்லாமல் கல்லின்மேல் கல்லைப் பொருத்தி, கைதேர்ந்த கொத்தர்களைக் கொண்டு மைல்கணக்கில் சுவரெழுப்பினார்கள். அச்சுவர்கள் சிலவற்றின் உச்சிக்கல் வெளிப்புறமாக நீண்டிருக்கும். அது அலங்காரத்துக்காக அன்று. கோலாக்குக்குக் கிழக்கே வின்செல்சி என்னும் ஊரின் அருகே தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டையின் பொருட்டு 1859-இல் இங்கிலாந்திலிருந்து தருவித்த முயல்கள், சில பத்தாண்டுகளுக்குள் கண்டத்தையே மேய்ந்து மொட்டையடிக்கத் தலைப்பட்டபோது, ஏறிக் குதிக்க முடியாதபடி அமைத்த தடுப்பே அந்த நீட்டல். கற்காட்டின் இடுக்குகளும் பொந்துகளும் முயலுக்கு இயற்கையான கோட்டையாக அமைந்தமையால், அங்கே இந்தப் போராட்டம் மிகக் கடுமையாக இருந்தது.

ஆனால் இந்நிலத்தின் சரித்திரம் 1837-இல் தொடங்கியதன்று. கோலாக் ஏரியைச் சுற்றிக் குலிட்ஜன் மக்களும், கேம்பர்டவுன் பக்கத்தில் ஜார்குர்ட் வுர்ருங் மக்களும் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் நோயும், கொலையும், மேய்ச்சலுக்காக நிலம் பறிக்கப்பட்டதும் சேர்ந்து அவர்களை வெகு சிலராகக் குறைத்துவிட்டன. எரிமலைகள் கனன்றதைக் கண்ணால் கண்டவர்கள் இவர்களுடைய முன்னோர்கள் என்பதில் ஐயமில்லை. கடற்கரையை அடுத்த டவர் ஹில் எரிமலையின் சாம்பலுக்கு அடியில் 1940-களில் ஒரு கற்கோடரி கண்டெடுக்கப்பட்டது. அந்த எரிமலை வெடித்து ஏறத்தாழ 37,000 ஆண்டுகள் ஆகின்றன என்று, பாறையிலுள்ள பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கான் வாயுவை அளந்து 2020-இல் அறிவித்தார்கள். சாம்பலுக்கு அடியில் கிடந்த கோடரி சாம்பலுக்கு முற்பட்டதாகவே இருக்கவேண்டும். அதே காலத்தில் கனன்ற பட்ஜ் பிம் என்னும் மற்றோர் எரிமலையின் குழம்பு ஓடிய பாறைகளில், குண்டிட்ஜ்மாரா மக்கள் வாய்க்கால் வெட்டியும் அணை கட்டியும் விலாங்கு மீன் வளர்த்த ஏற்பாட்டுக்கு 6,600 ஆண்டுப் பழமை உண்டு. 2019-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஏர் செல்லாத கற்காட்டை வெள்ளையர் வீண்நிலம் என்றார்கள். அக்கல்லையே கருவியாக்கிச் சோறு விளைத்தவர்கள் அவர்களுக்கு முன் அங்கிருந்தார்கள்.

இனி ஏரிகளுக்கு வருவோம். கோலாக் ஏரியும், அதற்கு மேற்கே உள்ள கொராங்கமைட் ஏரியும் எரிமலை வாய்கள் அல்ல. குழம்பு ஓடிப் பழைய நீர்ப்போக்குகளை அடைத்ததனால் தாழ்நிலங்களில் தேங்கியவை. ஆகையால் இரண்டும் அகலத்தில் பெரியவை, ஆழத்தில் சிறியவை. கோலாக் ஏரியில் நல்ல நீர் இருக்கும் காலத்திலும் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஆழமில்லை. கொராங்கமைட் 230 சதுர கிலோமீட்டர் அளவு பரந்தது. ஆஸ்திரேலியாவின் நிரந்தர உப்பு ஏரிகளில் மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. இவ்விரண்டும் இவ்வளவு அருகருகே இருந்தும், ஒன்று நன்னீராகவும் மற்றொன்று உவர்நீராகவும் இருப்பதற்குக் காரணம் வெகு எளிது. கோலாக் ஏரி, மழை மிகுந்த ஆண்டுகளில் கிழக்கே வழிந்து பார்வன் ஆற்றைச் சேர்ந்து, கடலுக்குப் போய்விடும். கொராங்கமைட்டுக்கு இயற்கையாக வடிகாலே கிடையாது.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பெரும்பங்கு வானத்திலிருந்து வருகிறது. தெற்குச் சமுத்திரத்தின் அலைகள் உடைந்து சிதறும் நுண்ணிய திவலைகளைக் காற்று உள்நாட்டுக்கு அடித்துவருகிறது; அவற்றிலுள்ள உப்பு மழையோடு மழையாக இறங்குகிறது. ஒரு மழையில் இறங்கும் அளவு நாவுக்குத் தெரியாத அற்பம். ஆனால் இப்பக்கத்தில் ஆண்டுக்கு மழை 700 மில்லிமீட்டர் அளவில் பெய்ய, திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 1,000 மில்லிமீட்டருக்கும் மேலாக ஆவியாகிறது. ஆவியாகிறது நீர் மட்டுமே, உப்பு நின்றுவிடுகிறது. உப்பளத்துப் பாத்தியில் ஒரு பருவத்தில் நடப்பது, வடிகால் இல்லாத ஏரியில் பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. இத்தகைய ஏரியின் நீர்மட்டம், மழைக்கும் ஆவியாதலுக்கும் இடையேயுள்ள வரவு செலவு மிச்சத்தைத் தவிர வேறொன்றையும் காட்டாது.

கேம்பர்டவுனுக்கு மேற்கே, ஒரே கரைமேட்டினால் பிரிக்கப்பட்ட புல்லன் மெர்ரி, நோட்டக் என்னும் இரட்டை ஏரிகள் இந்தத் தத்துவத்தை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன. இரண்டும் மார் வகையைச் சேர்ந்த வெடிகுழிகள். புல்லன் மெர்ரி 66 மீட்டர் ஆழமுள்ளது. அதன் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் உப்புள்ள சவர்நீர். அதில் சினூக் சால்மன் மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள், தூண்டில்காரர்கள் வந்து கூடுகிறார்கள். நோட்டக்கின் நீர்மட்டம் அதைவிட நாற்பது மீட்டர் அளவு தாழ்ந்தது. லிட்டருக்கு 60 கிராமை நெருங்கும் உப்பு, அதாவது கடல்நீரைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல். கரைமேட்டின் மீது நின்று இருபுறமும் பார்க்கிறவருக்கு, ஒரே வானம் பொழிந்த ஒரே மழை இரு வேறு சரித்திரங்களாகப் பிரிந்திருப்பது கண்கூடு. மேட்டின் ஓரிடத்தில் ஒரு தாழ்ந்த கணவாய் உண்டு. புல்லன் மெர்ரி நிரம்பி வழிந்த காலங்களில், நீர் அதன் வழியே நோட்டக்குக்குள் இறங்கிற்று. போகும்போது உப்பையும் கொண்டுபோயிற்று. கொடுத்த ஏரி தெளிந்தது. வாங்கி வைத்துக்கொண்ட ஏரி கரித்தது.

1841-ஆம் ஆண்டளவில்கூட அந்தக் கணவாயில் நீர் வழிந்தோடியதாகக் குறிப்பு உண்டு. அதற்குப் பின் இரண்டு ஏரிகளும் படிப்படியாகத் தாழ்ந்துவந்திருக்கின்றன. குடியேறியவர்கள் காட்டை வெட்டியதன் பலனோ இது என்று ஐயுறலாம். ஆனால் காட்டை அழித்தால் நிலத்தில் ஊறுவதும் ஓடிவருவதும் பொதுவாகக் கூடுமேயன்றிக் குறையாது. தவிர, வாய்க்காலோ ஆறோ வந்து விழாத, கரைகளே எல்லையாகிய குழியேரியில் மனிதன் கை வைப்பதற்கு இடமும் சொற்பம். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இச்சீமையில் மழைக்கும் ஆவியாதலுக்கும் உள்ள விகிதமே மாறியிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். இன்னும் பழைய காலத்தை அறிவதற்கு, பக்கத்திலுள்ள கெய்லம்பீட் என்னும் குழியேரியின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து ஜிம் பௌலர் என்னும் அறிஞர் பரிசீலித்தார். 1968-இல் முங்கோ ஏரிக்கரையில் ஆதிமனித எலும்புகளைக் கண்டவர் அவரே. நீர் ஆழமாக இருந்தபோது நடு ஏரியில் நுண்ணிய சேறும், வற்றிக் கரை உள்ளே நெருங்கியபோது பருமணலும் படியும். ஆகையால் சேற்றின் அடுக்குகளை மேலிருந்து கீழாகப் படித்தால், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளின் மழைச் சரித்திரம் கிடைத்துவிடுகிறது.

குழியேரிகளில் கை வைக்க முடியாத மனிதன் கொராங்கமைட்டில் வைத்துவிட்டான். 1950-களில் மழை மிகுந்து, ஏரி பெருகிச் சுற்றியுள்ள பண்ணைகளை மூழ்கடித்தபோது, அதற்கு நீர் தரும் பிரதான ஆறாகிய வோடி யலோக்கின் வெள்ளத்தைப் பார்வன் ஆற்றுக்குத் திருப்பிவிட ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1959-இல் அது இயங்கத் தொடங்கிற்று. பண்ணைகள் தப்பின. ஆனால் வரவு குறைந்து செலவு அப்படியே நின்றதால், ஏரி சுருங்கி, உப்புச் செறிவு ஏறிற்று. முன்பு அதில் வாழ்ந்த சிறுமீன்கள் அருகின. மீனை நம்பிய கூழைக்கடாக்களும் இரை தேடி வேறிடம் போகவேண்டியதாயிற்று. பறவைகளுக்குப் புகலிடமாகிய சதுப்புநிலங்கள் என்று 1982-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பட்டியலிடப்பட்ட மேற்கு மாவட்ட ஏரிகளில் கொராங்கமைட்டும் ஒன்று. பின்னர் 1997 முதல் 2009 வரை நீடித்த பெரும் வறட்சிக் காலத்தில், நன்னீர் ஏரியாகிய கோலாக் ஏரியே 2009-இல் அடியோடு வற்றி, படகுத்துறை தரையில் நின்றது. பிற்பாடு மழை பெய்து ஏரி நிறைந்தது. ஆனால் இரண்டு மீட்டர் ஆழத்தை நம்பிக் கரையில் அமர்ந்திருக்கும் ஓர் ஊருக்கு அது போதிய எச்சரிக்கை.

மனிதன் செய்ததெல்லாம் கேடு என்று முடித்துவிடுவதற்கும் இல்லை. டவர் ஹில்லை, மரம் வெட்டியும் மந்தை மேய்த்தும் மொட்டையாக்கிவிட்டு, 1892-இல் அதனை விக்டோரியாவின் முதல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அப்போது காக்க எஞ்சியிருந்தது சொற்பமே. 1960-களில் மறுபடி மரம் நட முனைந்தபோது, எந்த இனத்தை எங்கே நடுவது என்பதற்கு வழிகாட்டியாக உதவியது, யூஜீன் வான் கெரார்ட் என்னும் ஓவியர் 1855-இல் அந்த எரிமலையை இலை இலையாகக் கவனித்துத் தீட்டிவைத்த ஓவியம். கோலாக்கின் ஏரிக்கரைப் பூங்காவை 1910-இல் திருத்தியமைத்த வில்லியம் கில்ஃபாயில் என்பவரோ, அதற்கு முன்பே, 1876-இல், மெல்பர்ன் தாவரத் தோட்டத்துக்கு நீர் தேக்கும் தொட்டியை எரிமலைக் கூம்பின் உருவத்தில் கட்டியவர். எரிமலைக்குள் நீரை வைக்கும் அந்த யோசனை இச்சீமையைப் பார்த்தவர்களுக்கு விநோதமாகத் தோன்றாது.

இந்த எரிமலைகள் மறுபடியும் விழித்துக்கொள்ளுமா என்பது இங்கு வருகிற எவரும் கேட்கிற கேள்வி. அணைந்த குன்றுகள் விழிக்கமாட்டா. புதிய ஒன்று புதிய இடத்தில் பிறக்கலாம். நாற்பத்தைந்து லட்சம் ஆண்டுகளில் 400 வெடிப்புகள் எனக் கொண்டால், சராசரியாக 11,000 ஆண்டுகளுக்கு ஒன்று. வெடிப்புகள் சீரான இடைவெளியில் வருவதில்லையாகையால், இக்கணக்கைக் கொண்டு நாள் குறிக்க முடியாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். கோலாக்கில் இன்று பிறக்கும் குழந்தை, தன் ஆயுளில் ஓர் எரிமலை வெடிப்பதைக் காண்பதற்கு வாய்ப்பு மிக அற்பம். தன் ஊர் ஏரி வற்றுவதையும் நிறைவதையும் காண்பதற்கோ வாய்ப்பு அதனினும் மிக அதிகம். நெருப்பு இச்சீமைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது: பாறையைத் தந்தது, குழியைத் தோண்டிற்று. அப்பாறையை மண்ணாக்கியதும், மண்ணைச் சாரமிழக்கச் செய்ததும், அக்குழியை நிரப்பியதும், நிரப்பிய நீரில் உப்பைச் சேர்த்ததும் மழையின் வேலை. அவ்வேலை இன்றும் நின்றபாடில்லை. ஆகவே, எரிமலைச் சீமையில் குடியிருக்கிறவர்கள் அச்சத்தோடு கண்காணிக்கவேண்டியது குன்றின் உச்சியை அன்று, ஏரியின் அளவுகோலையே.